சிவந்த இருவர்

காலையில் வேலைக்குக் கிளம்பிய செலினுக்கு, காதிலிருந்த செவிமணி அன்றும் வழி சொன்னது: "இடப்பக்கப் பாலம். கொஞ்சம் மெதுவாக." ஏன் என்று அவள் கேட்கவில்லை. தூத்துக்குடிக்குக் கிழக்கே கடல்மேல் மிதக்கும் அந்த நகரத்தில் யாரும் கேட்பதில்லை. வலப்பக்கப் பாலத்தில் அவளுக்கு ஆகாத ஒருவர் வந்துகொண்டிருப்பார், அவ்வளவுதான்.

அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் தொண்டைக்குழியில் ஒரு சுடர் பதிப்பார்கள். அரிசிமணி அளவே உள்ள சென்சார். எதிரில் நிற்பவர்மேல் மனம் கசந்தால் அது சிவக்கும், மறைக்க வழியில்லை. இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிவந்துவிட்டால் விலகல் விதி வந்துவிடும். அதன்பின் பாலம் வேறு, படகு வேறு, கோயிலுக்குப் போகும் நேரமும் வேறு. ஆயுள் முழுக்க ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்க வேண்டியதில்லை. வெட்டு, குத்து அடியோடு நின்றுபோன ஊர். குறை சொல்ல மனம் வராது.

ஆனால் பாருங்கள், அந்த ஊர்ப் பெண்கள் விழுந்து விழுந்து படித்தது பகைக்காதல் கதைகளைத்தான். அதுவும் கொடூரமான பகை.

கடற்பாசி காயவைக்கும் தளத்தில், சாப்பாட்டு வேளையில் செலின் வாசிப்பாள். கூட வேலை பார்க்கும் அஞ்சுகம் சோற்றைப் பிசைந்தபடி வாய் பிளந்து கேட்பாள். அன்றைய கதையில், தன் தகப்பனின் கப்பலைக் கொளுத்தியவனின் கோட்டையில் நாயகி சிறைப்பட்டிருந்தாள். அவன் கையில் சாவி. அவள் கையில் கத்தி.

"ரெண்டு பேரும் செக்கச்செவேல்னு எரிஞ்சுக்கிட்டு ஒரே அறையிலயா? கேக்கவே பயமா இருக்கு" என்றாள் அஞ்சுகம்.

"அப்போ நிறுத்திரட்டா?"

"நிறுத்துனே, கையை ஒடிச்சிருவேன். வாசிட்டி."

"நெசத்துல இப்படி ஒருத்தன் வந்தா?"

"செவிமணி சொல்லுத பக்கம் ஓடிருவேன். நெசத்துக்கு என் வீட்டுக்காரர் போதும். அவருகிட்ட கொறட்டையைத் தவிர ஆபத்து கெடையாது."

செலின் சிரித்தாள். ஆனாலும் அந்த அறையை விட்டு அவள் மனம் வெளியே வரவில்லை.

பிற்பகலில் புயல் அடித்தது. மின்சாரம் போயிற்று, செவிமணிகள் ஊமையாயின. தளத்துக்குள் கடல் ஏறத் தொடங்கவே, கீழேயிருந்த பம்பு அறைக்குச் செலின் ஓடினாள். மதகைக் கைச்சக்கரத்தால்தான் அடைக்க வேண்டும். சக்கரத்தை ஏற்கெனவே ஒருவன் பிடித்திருந்தான். முகம் தெரிந்ததுமே அவன் கழுத்து சிவந்தது. அவள் கழுத்தும்தான்.

இருதயராஜ். முன்பு ஒரு புயலில், அவளுடைய அண்ணன் சேவியரின் படகு வெளியே தத்தளிக்கையில் கடற்கதவை அடைத்த காவலன். சேவியர் திரும்பவில்லை. விசாரணையில் செலின் அவனைக் கொலைகாரன் என்றாள். அவன் வேலை போயிற்று. அன்று சிவந்தவர்கள் இன்றுதான் மறுபடி பார்க்கிறார்கள்.

"தள்ளிப் போங்க."

"போறேன். முதல்ல மதகு அடையட்டும். ஒத்தையா சுத்த முடியல."

இருவருமாகச் சுற்றினார்கள். துருப்பிடித்த பிடி அவள் உள்ளங்கையைக் கிழித்தது. முழங்கால் வரை ஏறிய தண்ணீர் ஒருவழியாக நின்றது. அப்போதுதான், இத்தனை வருடம் கேட்க ஆளில்லாமல் கிடந்ததை அவள் கேட்டாள்.

"எங்க அண்ணன் கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இப்பவும் கேக்கு."

"கேட்டுமா திறக்கல?"

"திறந்தா ஆஸ்பத்திரித் தளம் முங்கிரும். திறக்கல. விசாரணையில இதைச் சொல்லத்தான் நின்னேன். அதுக்குள்ள உங்களை வேற வழியா கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"சொல்லியிருந்தா மட்டும் நான் கும்பிட்டிருப்பேனா?"

"மாட்டீங்க. காதுல விழுந்திருக்கும்லா."

பேச்சு முழுக்க அவள் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நகரத்தில் பிறந்த எவரும் சிவப்பை ஒரு கண்ணிமைப்புக்கு மேல் பார்த்ததில்லை, அதற்குள் விலக்கிவிடுவார்கள். சிவப்பு என்றால் சிவப்பு, அவ்வளவே என்று இருந்தாள். அது அசைந்தது. சேவியரைப் பற்றிய பேச்சு வந்தபோது சாம்பல் மூடிய கங்குபோல் உள்ளே ஒடுங்கியது. அவள் சீறியபோது குப்பென்று எழுந்தது. அவன் பார்வை ரத்தம் கசிந்த அவள் கையில் விழுந்ததும் இழையாக மெலிந்து நடுங்கியது. வெறுப்புக்குள் இத்தனை நடமாட்டமா! இருண்ட கடலுக்கடியில் முதன்முறை கண் திறந்தவள்போல அவள் மூச்சடக்கி நின்றாள். கோட்டைக்காரனின் கொடுமைக்காகத் தான் அந்தக் கதைகளைத் தேடிப் போனதில்லை என்று அவளுக்கு விளங்கியது. கதைகளில் அந்த இருவரையும் யாரும் பாதியில் பிரித்து அனுப்புவதில்லை.

விளக்குகள் வருமுன் செவிமணிகள் உயிர்பெற்றன. அவளை வலப்பக்கக் கதவுக்கும் அவனை மேல் ஏணிக்கும் போகச் சொல்லின. அவன் ஏணியில் கால் வைத்தான். ஏறிவிட்டால் இந்த ஜென்மத்தில் மறுபடி இல்லை.

"எனக்கு இன்னும் கோவம் தீரல" என்றாள் செலின்.

"தெரியுது."

"தீருமான்னும் தெரியல."

"சரி."

"அதுக்குன்னு போயிருவீங்களா?"

செவிமணி மறுபடி சொன்னது. அவன் ஏணியிலிருந்து காலை எடுத்து, ஈரப்படியில் மெல்ல உட்கார்ந்தான். அவள் எதிரே உட்கார்ந்தாள். இருவர் கழுத்தும் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிய அந்த வெளிச்சம் போதுமாக இருந்தது.