ஃபோர்ட் வெய்ன் கார்டுச் சந்தையில் ஒரு நகல்

காலை 11.40. "அட, இது நகல்யா!" என்றார் வாங்க வந்தவர்.

ஓடெல் புரூயிட் கார்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான். அவனும் வெண்டல் கிரான்ட்ஸும் பல வருஷமாக ஒரே மேஜைக் கூட்டாளிகள். விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டு வாங்குவது, விலை ஏறியதும் விற்பது, நடுநடுவே சண்டை போடுவது. கூடைப்பந்து வீரர் ஹாலிஸ் மட்டாக்கின், சேகரிப்பவர்கள் தேடி அலையும் முதல் வருஷக் கார்டை நேற்றுத்தான் வாங்கிப் பிடித்தார்கள். பெருமை தாங்காமல் ஓடெல் மாலையே படத்தை இணையத்தில் போட்டான். இப்போது பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பதோ அச்சடித்த வெறும் அட்டை!

"நான் காபி வாங்கப் போனப்ப நீ மட்டும்தானே மேஜையில இருந்தே?" என்று வெண்டல்மேல் பாய்ந்தான்.

"என்னையே சந்தேகப்படுறியாடா?"

ஓடெல் அவன் பையைப் பிடுங்கிக் கொட்டினான். சாண்ட்விச், மூக்குக்கண்ணாடி, மூட்டுவலி மாத்திரை. சந்தையே திரும்பிப் பார்த்தது. பாவம், வெண்டலுக்குக் காதெல்லாம் சிவந்துபோயிற்று.

11.55. வாசலை மூடச் சொல்லிவிட்டு வந்தாள் போலீஸ் டிடெக்டிவ் ராக்ஸன் டீக்.

"அந்தக் கார்டை யார் யார் தொட்டீங்க?"

"நாங்க ரெண்டு பேரு. அப்புறம், ஓடெல் காபிக்குப் போனப்ப எடுத்துப் பார்த்த இவரு" என்று கூட்டத்தில் ஓரமாக நின்ற ஒருவனை வெண்டல் கைகாட்டினான்.

லைல் பெக்வித் கடிகாரத்தைப் பார்த்தபடி நெளிந்தான். "மேடம், எனக்குக் கார்டு சமாச்சாரமே தெரியாது. பையனுக்குப் பிறந்தநாள் பரிசு தேடி முதல் தடவையா வந்தேன். வேலை இருக்கு, விடுங்க."

ராக்ஸன் கூட்டைத் திருப்பினாள். அதன் வாயை ஒட்டியிருந்த நீல டேப்பின் நுனி, பிரிக்க வசதியாக மடிக்கப்பட்டிருந்தது.

"இந்த மடிப்பு?"

"தொழில்காரன் வேலை மேடம். வெளியாளுக்குத் தோணவே தோணாது" என்று ஓடெல் பல்லைக் கடித்தான். "கூடவே இருந்து குழி பறிச்சிட்டான்!"

ராக்ஸன் கூட்டைக் கீழே வைத்தாள். பெக்வித்திடம் தன் விசிட்டிங் கார்டை நீட்டினாள். "ஏதாவது ஞாபகம் வந்தா கூப்பிடுங்க சார்."

அவன் ஓரங்களை மட்டும் பிடித்து வாங்கினான். விளக்குக்கு நேரே லேசாகச் சாய்த்து, நாலு மூலையையும் பார்த்தான்.

"கோட்டைக் கழட்டுங்க."

உள்பையில் மட்டாக் பத்திரமாக இருந்தார்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் ராக்ஸன். "பரிசு வாங்க வந்த அப்பா, விசிட்டிங் கார்டைப் பார்க்காமலே பாக்கெட்ல சொருகியிருப்பாரு. இவரு மூலை மடங்கியிருக்கான்னு பார்க்கறாரு. நேத்துப் போட்ட படத்தை வச்சு நகல் அடிச்சு, அதே மாதிரி கூட்டுல போட்டு, பழக்கதோஷத்துல டேப்பையும் மடிச்சிட்டாரு. வெண்டல் இன்னொரு ஆள்கிட்ட பேசத் திரும்பினதும் கூட்டையே மாத்திட்டாரு."

பெக்வித் தலை குனிந்தான்.

"கிடைச்சிடுச்சுடா!" ஓடெல் குதிக்காத குறை. திரும்பினால், வெண்டல் தன் பெட்டிகளைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"டேய், ஏதோ பதட்டத்துல..."

"கார்டை நீயே வித்துக்கோ, ஓடெல். அடுத்த சந்தைக்கு எனக்குத் தனி மேஜை கேட்டிருக்கேன்."