தள்ளுதற்சீட்டு

கிண்ணம் கழுவிய தண்ணீரைப் பத்ரியா வாசற்படிக்கு வெளியே, தெருச் சாக்கடையை நோக்கிச் சரிந்திருந்த சிமெண்டுத் தளத்தில்தான் கொட்டினாள். வினிகரும் உப்பும் பழைய மண்ணும் கலந்த அந்தப் பழுப்புத் தண்ணீர் ஒரு முழம் கீழே ஓடியது. பிறகு நின்றது. வெயிலில் யோசிப்பதுபோல் சற்று நேரம் கிடந்துவிட்டு, திரும்பி மேட்டில் ஏறி, நிலைப்படியின் இடுக்கு வழியாக வீட்டுக்குள் போயிற்று.

தரை மட்டம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டாள். தம்பி மிஸ்ஹர் தானே சாந்து குழைத்துப் பூசிய தளம் அது. அவன் கையில் எதுதான் நேராக வந்திருக்கிறது? துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஈரத் தடத்தைத் துடைத்தாள். தடம் கூடத்தைக் கடந்து, குழந்தை தூங்கும் அறையின் வாசலில் முடிந்திருந்தது. துடைத்துவிட்டுத் துணியைப் பிழிந்து பார்த்தாள். அது உலர்ந்தே இருந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கோடை. போருக்குப் பிறகு உலகம் இராக்கின் கழுத்தில் மாட்டிய பொருளாதாரத் தடையின் சுருக்கு இறுகிக்கொண்டே வந்த காலம். நுஃபர் என்ற பழைய நகரம் புதைந்த மேட்டைத் தோண்டி ஆராய வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊரைவிட்டுப் போய் ஆறு வருஷமாகியிருந்தது. அவர்கள் விட்டுப்போன மேட்டுக்கு மிஸ்ஹர்தான் காவல். சம்பளத்தில் மாவுகூட வாங்க முடியாமல் போனதும், காவல் காத்த மேட்டையே தோண்ட ஆரம்பித்தான். எடுத்ததைத் துடைத்துப் பக்குவம் பண்ணிக் கொடுக்க அக்காள் இருந்தாள். பாக்தாதில் ஓர் அருங்காட்சியகத்தில் இருபது வருஷம் பழைய எழுத்துகளைப் பார்த்துப் படியெடுத்தவள். இப்போது தம்பி வீட்டு அடுப்படியில், வெங்காயம் அரியும் பலகையில் வைத்து அதே வேலையைச் செய்தாள்.

எருசலேம் எரிந்தபின் பாபிலோனுக்குச் சிறைப்பட்டு வந்த யூதர்கள் குடியேறிய கால்வாய்க்கரை அது. திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள், ஆயிரம் வருஷம் கழித்தும், அங்கேயே வீடு கட்டினார்கள். வாசற்படிக்கு அடியில் மண்கிண்ணங்களைக் கவிழ்த்துப் புதைத்தார்கள். கிண்ணத்துக்குள் விளிம்பிலிருந்து நடுவரை சுருள்சுருளாக அரமேய மொழி எழுத்து. வீட்டைப் பிடித்தது எதுவோ அது அந்தச் சுருளில் நடந்து நடந்து நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும் என்று நம்பினார்கள். பத்ரியா அப்படி நூற்றுக்கணக்கான கிண்ணங்களைப் பார்த்திருக்கிறாள். ஒன்றுக்கும் அவள் பயந்ததில்லை.

அன்று காலை மிஸ்ஹர் கொண்டுவந்தது ஜோடிக் கிண்ணம். வாயோடு வாய் வைத்துத் தார் பூசி மூடியது. எழுத்துள்ள கிண்ணம் என்று, இவற்றை வாங்கும் பாக்தாத் ஆளிடம் ஏற்கெனவே சொல்லி அனுப்பிவிட்டதாகவும், பார்த்துச் சுத்தம் பண்ணும்படியும் சொல்லிவிட்டுத் தூங்கப் போனான். அவள் தாரைச் சுரண்டிப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஒரு மூச்சளவு காற்று வெளியேறியது. ஈரத் தார் வாசனை. அதற்கடியில் திரிந்த பால் வாசனை.

அந்த நேரத்தில் அறைக்குள் குழந்தை அழுதது. தம்பி மனைவி ரஸ்மியா கொல்லையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பத்ரியா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போய், மூன்று மாதத்து ஸஜ்ஜாதைத் தூக்கக் குனிந்தாள். ரஸ்மியா மாவுக் கையோடு ஓடிவந்து அவளுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் நின்றாள்.

"மூணு பிள்ளைய மண்ணுல வச்ச கை அண்ணி அது. கோவிச்சுக்காதீங்க. என் பிள்ளை மேல பட வேணாம்."

பத்ரியா கோபித்துக்கொள்ளவில்லை. அடுப்படிக்குத் திரும்பி வந்து கிண்ணத்தைக் கையில் எடுத்து, எழுத்தைப் படித்தாள்.

அது ஒரு தள்ளுதற்சீட்டு. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுப்பதுபோலவே, பிள்ளைகளைத் தேடி வந்து வீட்டோடு ஒட்டிக்கொண்ட ஒருத்திக்கு அந்த வீட்டார் எழுதியது. 'இந்தப் படிக்கு உள்ளே உனக்குப் பங்கில்லை. இங்கே உனக்குப் பாயில்லை, பாத்திரமில்லை, உன்னை அம்மா என்று கூப்பிட வாயில்லை. வெளிப்புறம் உன்னுடையது. போ.' நடுவில், சுருள் முடியும் இடத்தில், அந்த ஒருத்தியின் பெயர்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், மூன்றாவது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த சாயங்காலம், பத்ரியாவின் புருஷன் வாசலில் நின்று மூன்று முறை தலாக் சொன்னான். உள்ளே போய்ச் செருப்பை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. காலில் தரை சுட்டது அவளுக்கு இன்னும் தெரியும்.

பஞ்சை வினிகரில் தோய்த்தாள். முதலில் நடுவிலிருந்த பெயரைத் துடைத்தாள். பிறகு ஒவ்வொரு சுற்றாக வெளியே வந்தாள். பெயர் என்ன என்று அவள் மனத்தில் பதியவே இல்லை, அவ்வளவு ஆத்திரம். உப்பு எழுத்தைத் தின்றுவிட்டது என்று மிஸ்ஹரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஒருத்தியாவது வீட்டுக்குத் திரும்பட்டும்.

அந்தத் தண்ணீரைத்தான் வெளியே கொட்டினாள்.

வெற்றுக் கிண்ணத்தை மிஸ்ஹர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூலையில் வைத்தான். வேறொன்றும் நடக்கவில்லை. சொல்லப்போனால் வீடு அமைதியாயிற்று. பிறந்த நாள் முதல் மதியத்தில் ஓயாமல் அழுத குழந்தை அழுவதை நிறுத்தியது. ரஸ்மியா மூன்று மாதத்தில் முதன்முறையாக மதியம் கண்ணயர்ந்தாள். மூன்றாம் நாள் தேநீர் ஊற்றிக் கொடுக்கும்போது, பத்ரியாவின் முகத்தைப் பார்க்காமல், "நீங்கதான் வந்து தொட்டில ஆட்டுறீங்களா அண்ணி? கேட்டுச்சு. பரவால்ல, ஆட்டுங்க," என்றாள்.

பத்ரியா அந்த அறைப்பக்கமே போயிருக்கவில்லை.

நான்காம் நாள் மதியம், கூடத்துப் பாயில் படுத்தபடி பத்ரியாவும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். தெருவில் நாய்கூட நடமாடாத வேளை. மின்சாரம் போய் விசிறி நின்றிருந்தது. மூடிய ஜன்னல் பலகைகளின் இடுக்கில் வெயில் கோடு கோடாக விழுந்து, அந்தக் கோடுகளில் தூசி மிதந்துகொண்டிருந்தது. தொட்டில் கயிறு உத்தரத்தில் உராய்கிற சத்தம் சீராக வந்தது. ரஸ்மியா பக்கத்துப் பாயில் வாய் திறந்து தூங்கினாள். மிஸ்ஹர் மேட்டில் இருந்தான். கயிறு உராய்ந்தது. ஈரத் தார் வாசனை கதவின் அடியில் கசிந்து வந்தது. உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், நெடுநேரம் அழுது ஓய்ந்தவர்கள் உறிஞ்சுவதுபோல. பிறகு ஒரு பெண்குரல், மெதுவாக, களைத்துப்போய், கேட்டது. அந்த ஊரில் ஆயிரம் வருஷமாக யாரும் பேசியிராத மொழியில் கேட்டது. ஏட்டிலும் மண்ணிலும் மட்டுமே அந்த மொழியைப் பார்த்திருந்த பத்ரியாவுக்கு அது தன் தாய்மொழிபோலப் புரிந்தது.

"எங்க போவேன்?"

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ரஸ்மியாவை உலுக்கியிருக்க வேண்டும். அவள் படுத்தபடியே, கண்ணில் நீர் வழிய, அதே மொழியில் பதில் சொன்னாள்.

"இரு."

தொட்டில் ஒரு நொடி நின்றது. பிறகு ஆடத் தொடங்கியது.

எட்டாம் நாள் குழந்தையின் உதட்டோரம் கறுத்திருந்தது. ரஸ்மியா ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. எண்ணெய் தடவித் துடைத்தாள். துணியில் தார் ஒட்டியது. அவள் மார்பு பால் கட்டிக் கல்லாகிக் கிடந்தது. இரண்டு நாளாகக் குழந்தை அவளிடம் குடிக்கவில்லை. ஆனால் அதன் வயிறு நிறைந்திருந்தது. ஏப்பம் விட்டது.

"என்னத்த ஊட்டுனீங்க?" என்று ரஸ்மியா வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "தூங்குறதுக்கு எதையாச்சும் குடுத்தீங்களா? சொல்லிடுங்க அண்ணி. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

நான் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லப் பத்ரியா வாயெடுத்தாள். ரஸ்மியா சட்டென்று குழந்தையை அவள் கையில் வைத்தாள். இத்தனை நாள் தொடக்கூட விடாதவள், தானாக. அது எடையே இல்லாமல் இருந்தது. உதறிய தலையணை உறையைத் தூக்குவதுபோல. கண்கள் மட்டும் விழித்து, பத்ரியாவின் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துக் கனிந்தன.

அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. தன் மூன்று பிள்ளைகளின் எடை அவள் கைக்குத் தெரியும். செத்த பிறகும் அவை இவ்வளவு லேசாக இல்லை.

மிஸ்ஹர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். துடைத்ததையும் சொன்னாள், இரு என்று சொன்னதையும் சொன்னாள். ரஸ்மியா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவன் கை ஓங்குவான் என்று பத்ரியா எதிர்பார்த்தாள். அவன் ஓங்கவில்லை.

"உன்ன வீட்ல வச்சேன். அதுக்கா இது?" என்றான். பிறகு, "திரும்ப எழுது. உனக்குத்தான் எழுதத் தெரியும். எழுதுக்கா," என்றான்.

விளக்குக் கரியைக் குழைத்து, தயிர் உறைய வைக்கும் மண்கிண்ணத்தில் எழுதினாள். வாசகம் முழுவதும் நினைவிலிருந்தது. எப்படி மறக்கும்? பாயில்லை, பாத்திரமில்லை, கூப்பிட வாயில்லை. எழுத எழுத, வெளியே காற்று கிளம்பிற்று. மேற்கே புழுதி எழுந்து, சாயங்கால வெயிலைத் தின்று, வானத்தைச் செங்கல் நிறமாக்கியது. சுருள் நடுவுக்கு வந்தது. கை நின்றது. பெயர் தெரியாது. துடைத்தவள் அவள்தான், ஆனால் தெரியாது.

"பேர் இல்லாம செல்லுமா?" என்று மிஸ்ஹர் கேட்டான்.

அவள் தெரியாது என்றாள். அறைக்குள் தொட்டில் வேகமாக ஆடியது. ரஸ்மியா குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு கூடத்தில்தான் இருந்தாள். தொட்டில் காலி.

"இருக்கிறத வச்சுப் புதைக்கிறேன்," என்றான் மிஸ்ஹர். நடுவில் ஒரு விரற்கடை வெற்றிடத்தோடு கிண்ணத்தை வாங்கிக்கொண்டான்.

உட்புறம் குந்தி உட்கார்ந்து, நிலைப்படிக்கு அடியில் கடப்பாரையால் நெம்பினான். சிமெண்டு பெயர்ந்தது. அடியில் மண். மண்ணுக்கடியில் இன்னும் பழைய மண். காற்று புழுதியை வாரி உள்ளே இறைத்தது. விளக்கு அணைந்தது. குழி மண் வெளிப்பக்கம் குவிந்து திரும்பச் சரிந்தது.

"அக்கா, அந்தப் பக்கம் போய் மண்ண இழு. விழுந்துகிட்டே இருக்கு."

அவள் படியைத் தாண்டி இறங்கினாள். மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணை இழுத்தாள். தலைத்துணி பறந்தது. பல்லிடுக்கில் மணல் நெறிபட்டது. குழி ஆழமாயிற்று.

மிஸ்ஹர் கிண்ணத்தைத் தூக்கினான். கவிழ்த்தான்.

அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. வெளிப்புறம் உன்னுடையது. பெயரில்லை. அப்படியானால் சீட்டு, இப்போது வெளிப்புறம் நிற்பவளுக்கு.

"மிஸ்ஹர், இரு," என்றாள்.

அவன் மண்ணைத் தள்ளி மூடினான். காலால் மிதித்தான். நிமிர்ந்தான். அவள் முகத்துக்கு நேரே பார்த்தான். பார்வை அவள் ஊடாகத் தெருவுக்குப் போயிற்று. கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டினாள். கை கதவில் பட்டது; சத்தம் வரவில்லை. கத்தினாள். காற்றுதான் கத்தியது. படியில் கால் வைத்தாள். கால் ஏறவில்லை. மறுபடி. மறுபடி. செருப்பு எங்கோ கழன்று போயிருந்தது. தரை சுட்டது.

உள்ளே விளக்கு ஏற்றினார்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். கூடம் தெரிந்தது. மிஸ்ஹர் கை கழுவிக்கொண்டிருந்தான். அறைக்குள் தொட்டில் ஆடவில்லை. ரஸ்மியாவின் முகத்தில் இத்தனை நாளில் இல்லாத வெளிச்சம்.

"அழுறான். அழுறான் பாருங்க," என்று சிரித்தாள். குழந்தை உண்மையாகவே அழுதது, பசித்த பிள்ளையின் அழுகை.

பத்ரியா ஜன்னலுக்கு வெளியே நின்று அல்லாவுக்கு நன்றி சொன்னாள். போகட்டும். பிள்ளை பிழைத்தான். நான் இங்கேயே நிற்கிறேன்.

"நான் சொன்னது எல்லாத்தையும் மறந்துடுங்க," என்று ரஸ்மியா யாரிடமோ சொன்னாள். குரல் தழுதழுத்தது. "இனிமே அவன் உங்க பிள்ளையும்தான். நீங்க வச்சிருங்க அண்ணி, நான் ரொட்டி போடுறேன்."

அவள் நீட்டிய குழந்தையைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் வாங்கினாள். பத்ரியாவின் கறுப்பு அங்கி. பத்ரியாவின் நரைத்த வகிடு. மடியில் விழுந்ததும் குழந்தை அழுகையை நிறுத்தியது. மிஸ்ஹர் அவள் பக்கத்தில் ஒரு குவளைத் தேநீரை வைத்துவிட்டு, "மனசுல வச்சுக்காதக்கா," என்றான்.

அவள் நிமிர்ந்தாள். ஜன்னலை நேராகப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் பார்த்தாள். குழந்தையைத் தோளில் நிமிர்த்தி வைத்து, அதன் சின்ன மணிக்கட்டைப் பிடித்து, வெளியே நிற்பவளை நோக்கி டாட்டா காட்டுவதுபோல மெல்ல, மெல்ல, ஆட்டினாள்.