பதினான்கிலேயே இருக்கட்டும்

லிஃப்ட் மாமாவைக் குப்புறப் படுக்க வைத்து ஆறு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் பத்து மணி நேரமாவது அப்படியே கிடக்க வேண்டும். நுரையீரலின் முதுகுப் பக்கம் திறந்து காற்று போக அதுதான் வழி.

காலை வேலைக்கு வந்த வென்டிலேட்டர் டெக்னீஷியன் முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தாள். கன்னம் தலையணையில் அமுங்க, வாயோரம் குழாயோடு, ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தார். அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர், அவளிடம் வலிய வந்து பேசுகிற ஒரே ஆள். லிஃப்டில் ஏறினால் பயத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "மூச்சு விடும்மா, அதுக்கெல்லாம் இங்க டிக்கெட் கிடையாது" என்பார். வார்டில் மற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

அந்த வார்டு பழைய கட்டடத்தில் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரே வெள்ளை வெளிச்சம். ஸ்பிரிட் நெடி. சூடான பிளாஸ்டிக் வாசனை. ஆறு கட்டில்கள், ஆறு மெஷின்கள், ஆறு விதமான பெருமூச்சு.

பெரிய சிஸ்டர் அன்றைய வேலைகளைச் சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். லிஃப்ட் மாமா கிடக்கும் மூன்றாம் கட்டில் மெஷினில் எண் இறங்கினால் சத்தம் போடாமல் ஏற்றி வைத்துவிட வேண்டும். ஏன், யார் என்று அங்கே நின்று கேட்கக் கூடாது.

புது ஆளைப் பயமுறுத்திப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எண் தானாக இறங்காது. குமிழைத் திருக வேண்டும், பிறகு அமுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் கை வேண்டும்.

டாக்டர் வைக்கச் சொன்ன எண் பதினான்கு. மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலுக்குள் கொஞ்சம் காற்றைத் தேக்கி வைக்கும் அழுத்தம் அது. குறைந்தால் உள்ளறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு ஆக்சிஜனைத் திறந்துவிட்டாலும் ரத்தத்தில் சேராது. பதினான்கில் லிஃப்ட் மாமாவின் ரத்த ஆக்சிஜன் தொண்ணூற்றிரண்டில் நின்றது. அது போதும்.

முற்பகலில் டாக்டரை மாடிக்கு அவசரமாக அழைத்தார்கள். அவள் நான்காம் கட்டிலின் குழாயில் தேங்கிய நீரை வடித்துக்கொண்டிருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் டிக் என்றது.

டிக். டிக். டிக்.

பிறகு ஓர் அமுக்கல்.

திரும்பினாள். மூன்றாம் கட்டிலருகே ஒருவரும் இல்லை. யாரோ மென்று துப்பியது போலக் கிராம்பு வாசனை மட்டும் நின்றது. மெஷினில் எட்டு.

மானிட்டரில் தொண்ணூறு. எண்பத்தேழு. எண்பத்துநான்கு.

பதினான்குக்கு ஏற்றினாள். ஆக்சிஜன் இறங்கிய வேகத்தில் ஏறவில்லை. ஒவ்வொன்றாக, மனசே இல்லாமல் ஏறியது. எண்பத்தெட்டு வந்ததும் கை கழுவத் திரும்பினாள்.

டிக்.

இந்த முறை எழுபத்தொன்பது வரை போனது. தலையணைக்கு வெளியே தெரிந்த உதட்டோரம் நீலம் பாரித்தது.

மறுபடி ஏற்றிவிட்டு அங்கிருந்தே கையசைத்துப் பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டாள். அவர் அவளைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார். மெஷினை மாற்றிப் பார்த்துவிட்டார்களாம். வருவது கட்டிலைத் தேடித்தானாம். மற்ற ஐந்து கட்டில்களும் நிறைந்திருக்கின்றன. குப்புறக் கிடப்பவரை இந்த நிலையில் நகர்த்தவும் முடியாது.

"யாரு சிஸ்டர் அது?"

"வேலை தெரிஞ்சவதான். அழுத்தத்துல நுரையீரல் கிழிஞ்சிடும்னு பயந்து குறைக்கறா. கெட்ட எண்ணம் கிடையாது."

"இதுக்கு முன்னாடி இங்க படுத்திருந்தவங்க?"

பெரிய சிஸ்டர் தன் செருப்பைப் பார்த்தார். ரெண்டு பேர் போயிட்டாங்க, என்றார். வருகிறவளிடம் உண்மையை நேராகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாதாம். அதனால் யாரும் சொல்வதில்லையாம்.

டெக்னீஷியனுக்குக் கோபம் வந்தது. அவளே எதிர்பார்க்காத கோபம். ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறார், இவர்கள் நல்ல எண்ணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மூன்றாம் கட்டிலுக்குப் போனாள். மெஷினின் குமிழைக் கைக்குள் முழுதாக மூடிக்கொண்டாள்.

கிராம்பு வாசனை நெருங்கியது.

புறங்கை மேல் ஈரமாக, குளிராக ஒன்று வந்து உட்கார்ந்தது. விரல்கள். ஐந்தையும் தனித்தனியாக உணர முடிந்தது.

குமிழ் அவள் கைக்குள் சுழல முயன்றது.

அவள் விடவில்லை.

"ஏத்தாத," காதோரம் ஒரு குரல். மூச்சே இல்லாத குரல். "கிழிஞ்சிடும்."

"கிழியாது. அழுத்தத்தை அளந்து பார்த்துட்டேன். எல்லைக்குள்ளதான் இருக்கு."

"அந்தப் பொண்ணுக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

 குமிழை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மானிட்டரில் எண்பத்தாறு.

"எந்தப் பொண்ணு?"

"இங்க படுத்திருந்தவ. என்னை மாதிரியே மெஷின் பார்க்கறவ. கழுத்தெல்லாம் காத்து ஏறி வீங்கிடுச்சு. எங்கயோ தூக்கிட்டுப் போனாங்க. எங்கன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்கல. அதனாலதான் நானே பார்த்துக்கறேன்."

சுவரோரம் பெரிய சிஸ்டர் உதட்டின் மேல் விரலை வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் கண்களில் நீர் நிறைந்திருந்தது.

விரல்கள் இறுகின. எலும்பு வரை குளிர் இறங்கியது. குமிழ் ஒரு மயிரிழை நகர்ந்தது. அவள் இன்னொரு கையையும் மேலே வைத்து அழுத்தினாள்.

எண்பத்தொன்பது. தொண்ணூறு.

வாழ்நாளில் அவள் சத்தமாகப் பேசியதில்லை. இப்போது ஆறு கட்டிலுக்கும் கேட்கும்படி பேசினாள்.

"அந்தப் பொண்ணு நீங்கதான்க்கா. நீங்க செத்துட்டீங்க. இவர் சாக மாட்டார்."

குளிர் அகலவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.