எண்ணெய் பூசும் நாள்

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் கல்லால் இடிப்பதை நிறுத்திய பிறகும் ஓர் இடி விழுந்தது. கூரையின் மேல் அல்ல, கீழேயிருந்து.

கியாண்ட்சே ஊரின் பழைய புத்த மடத்துக் கூரையில், கோல் செருகிய வட்டக் கல்லால் பாட்டுக்கு இசைய ஈரமண்ணை இடித்து இறுக்குவது யூட்ரோனுக்குப் பல வருஷத்துப் பிழைப்பு. போன மாதம் வரை அவளுக்கு இடப்பக்கம் மகள் பெல்கி நின்று இடித்தாள். மார்ச்சளியில் போய்ச் சேர்ந்தாள். ஊர் வழக்கப்படி உடலை மலைப்பாறையில் கழுகுகளுக்குக் கொடுத்தார்கள், நகம்கூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. பெயரைச் சொன்னால் போகிற உயிர் திரும்பி வந்துவிடும்.

"என்னக்கா, மண்ணுக்குக் காது குடுத்துட்டு நிக்கிறே? கீழேருந்து எந்த லாமா கூப்பிடுறாரு?" என்று சுங்தா கேட்க, வரிசையே சிரித்தது.

"உனக்குக் கேக்கலியாடி?"

"என் வயிறு கத்துறதுதான் கேக்குது. வா, வெண்ணெ டீ ஆடை கட்டிடும். குடிச்சிட்டு வந்து ஒரு சுத்து இடிச்சு எண்ணெயப் பூசிட்டா, இந்தக் கூரையத் தலமுழுகிடலாம்."

எண்ணெய் பூசினால் மண் இறுகிக் கல்லாகிவிடும். அப்புறம் எதுவும் கேட்காது. யூட்ரோன் மட்டும் இறங்கவில்லை.

கீழே இருப்பது உக்கிர தேவதையின் அறை; பெண்கள் காலெடுத்து வைக்கக் கூடாத இருட்டு. அவள் மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். விளக்குப் புகையின் நாற்றம் ஈரமண்ணைத் துளைத்துக்கொண்டு மூக்கில் ஏறியது. எதிரே நின்ற கோட்டை மலையின் நிழல் கூரைமீது ஊர்ந்து வந்து, வெயிலில் காய்ந்த முதுகைக் குளிரவைத்தது. எங்கோ குரைத்த நாய் பாதியில் நிறுத்திக்கொண்டது.

சொல்லக் கூடாது என்று தெரியும். சொன்னாள்.

"பெல்கி."

இடி விழுந்தது. கன்னத்துக்கு நேர் கீழே.

"குளுருதாடி, கண்ணு?"

இன்னோர் இடி.

"அம்மாகிட்ட வந்துடு. ஒரே ஒரு தடவ கையப் பிடிச்சுக்கிறேன். அப்புறம் போ."

சத்தம் நின்றது. மண் மெல்ல உப்பியது. வெடித்தது.

ஒரு கை.

பெல்கியின் வலக்கைதான். வேலைக்கு வந்த முதல் நாளே கல்லில் நசுங்கிக் கோணிப்போன சுண்டுவிரல். யூட்ரோன் அதை முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அது பனிக்கட்டியாய்க் குளிர்ந்து, அவள் விரல்களை இறுக்கியது.

பக்கத்தில் மண் வெடித்தது. இன்னொரு கை. அதே வலக்கை. அதே கோணல் விரல். சுவரோரம் ஒன்று. ஏணியருகே ஒன்று. கூரை முழுக்க. எல்லாமே பெல்கி. எல்லாமே அம்மாவைத் துழாவின. எதைப் பிடிப்பாள்? எதை விடுவாள்?

ஏணி கிறீச்சிட்டது. பெண்கள் ஏறி வந்தார்கள்.

"அய்யய்யோ, மண்ணு இப்படிப் பொங்கிக் கெடக்கே!" என்று, கைகள் கண்ணில் படாமல் மண்ணை மட்டும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள் சுங்தா. "நில்லுங்கடி வரிசையா. இடிச்சு அமுக்கணும்."

யூட்ரோன் எழப் பார்த்தாள்; பிடித்த கை விடவில்லை.

பெல்கியும் பாடி இடித்த அதே பாட்டு தொடங்கியது. அதைக் கேட்டதும் கைகளெல்லாம் ஆசையாய் அந்தப் பக்கம் திரும்பி, உள்ளங்கையை விரித்தன.

கற்கள் உயர்ந்தன.