ஓலையில் ஏறிய பறவை

மேற்கே சரிந்த கதிரவன் பனிமுடி மலையின் புல்வெளிகளுக்குச் செம்பொன் பூசிவிட்டு, தன் கொடைக்குத் தானே வருந்தியவனைப் போல அதை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தான். வாசக அன்பர்களே, மலைக்கோட்டையை முற்றுகையிட்டிருந்த பாசறையில் ஓலைநாயகன் அரிசிலன் மட்டும் அந்த அழகைக் காணவில்லை. எதையும் மும்முறை சரிபார்த்து ஓலையில் பொறிப்பது அவன் கடமை. அப்படியும் பிழை செய்துவிட்டோமோ என்று அஞ்சுவது அவன் இயல்பு.

தாம் உண்ட மலைக்கோழியின் பெயரைத் தளபதி மழவரையர் கேட்டிருந்தார். மேகம் தவழும் உயரத்தில் மட்டுமே வாழ்ந்து, மனிதர் மேலேறி வந்தால் மட்டுமே சீழ்க்கையடிக்கும் பறவை அது. பாசறைக்குத் தேன் விற்க வரும் கொற்றியிடம் அதன் பெயரைக் காலையில்தான் கேட்டிருந்தான்.

“எல்லாத்தையும் கீறி வைக்கிறீரே, கண்ட கனவையும் கீறுவீரா?” என்று சிரித்தவள், பிறகு ஏனோ குரல் தாழ்த்தி அந்தப் பெயரைச் சொன்னாள்.

இப்போது அரிசிலன் தளபதியின் முன் ஓலையைப் படித்தான்: “இதன் பெயர் வேரல்.”

விறகு சுமந்து வந்த மலைக்கைதி சுமையைக் கீழே போட்டான். “அந்தப் பேரை யாரு சொன்னா?”

“தேன்காரி கொற்றி.”

கைதி உதட்டைக் கடித்தான். தளபதியின் வாள் அவன் கழுத்தைத் தொட்டது.

“தலைவருக்குப் பொண்ணு பொறந்தா அவ பேரை இந்தக் கோழிக்கு வைப்போம், ஐயா. அப்புறம் யாரும் இதைக் கொல்லமாட்டோம். வெளியாளுக்கு அந்தப் பேரை அவ மட்டுந்தான் சொல்லலாம்.”

மழவரையர் நகைத்தார். “ஓலைநாயகரே, ஆயிரம் வேல்கள் செய்யாததை உமது எழுத்தாணி செய்துவிட்டது! தலைவன் மகள் சிக்கினால் கோட்டைக் கதவு தானே திறக்கும். பிடியுங்கள் அவளை!”

அரிசிலன் எல்லோருக்கும் முன்னே ஓடினான். அவள் சுனையருகே தேன்குடம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வேரல், ஓடிவிடு! பெயரை எழுதிவிட்டேன். அறிந்துகொண்டார்கள்.”

அவள் கண்கள் அவன் முகத்தில் ஒரு கணம் நின்றன. “உம்மகிட்டதானே சொன்னேன். ஓலைகிட்டச் சொல்லலையே!”

மூடுபனி அவளை விழுங்கியது. தீவட்டிகள் வந்து சூழ்ந்தபோது, வடக்குச் சரிவில் ஒரு சீழ்க்கை எழுந்தது. அதற்கும் மேலே இன்னொன்று.

“அது என்ன ஒலி?” என்றார் மழவரையர்.

“அந்த மலைக்கோழிகள் அந்தியில் அப்படித்தான் கூவும், தளபதி. அவள் தெற்கே இறங்கினாள்.”

அரிசிலன் வாழ்நாளில் சரிபார்க்காமல் சொன்ன முதற் சொற்கள் அவை. வழிகாட்ட இழுத்துவரப்பட்டிருந்த கைதி அவனை நிமிர்ந்து பார்த்தான், வாய் திறக்கவில்லை. தீவட்டிகள் தெற்கே இறங்கின.

ஓலையில் விழுந்த கீறலை அழிக்க வழியில்லை. அரிசிலன் எழுத்தாணியைச் சுனையில் எறிந்தான். “நம்பிச் சொன்ன எதையும் இனி எந்த ஓலைக்கும் தரமாட்டேன். இது உன்மேல் ஆணை, வேரல்!” என்று சூளுரைத்தான்.

மலையுச்சியில் கடைசிச் சீழ்க்கை எழுந்து அடங்கியது. அவன் சூளுரையைக் கேட்க வேண்டியவள் கேட்கும் தொலைவில் இல்லை.