மயில்சாமி, அ. (2002)

காலை பத்து மணிக்கு ஆஷா கல்லூரி நூலகத்துக்குள் வந்தபோது அவள் அசைன்மென்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு சிவப்பு வட்டங்கள் இருந்தன. நூலகர் சித்ராதேவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அது துணைநூல் பட்டியல். அதைத் திருத்திய பேராசிரியர் மகுடேஸ்வரனின் சொந்தப் புத்தகத்துக்கு முன்னால் ‘சின்னப்பன், ம.’ என்றிருந்தது, பக்கத்தில் சிவப்பில் ‘பெயர் தவறு’. அடுத்த வரி: ‘மயில்சாமி, அ. (2002). வீரபாண்டிச் சாயத் தொழிலாளர். இக்கல்லூரித் திட்ட அறிக்கை.’ அதற்கு, ‘இப்படி ஒன்று கிடையாது’.

“நாலு மணிக்குள்ள இந்த அறிக்கையை சார்கிட்டக் காட்டோணும்ங்க மேடம். இல்லைன்னா ஏ.ஐ. கிட்ட வாங்கி எழுதினேன்னு பூஜ்யம் போட்டுருவாருங்களாம்.”

நூலக உதவியாளர் பிரதீப் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார். “பழைய அறிக்கை பீரோவுல ம வரிசையை ரெண்டு தடவை பார்த்துட்டனுங்க. மயில்சாமியே இல்லீங்க. புள்ள கதை உட்டிருக்குது.”

“நீ இதைக் கண்ணால பார்த்தியா கண்ணு?” என்றார் சித்ராதேவி.

“இல்லீங்க. வெளிநாட்டுல வர்ற தமிழ் ஆய்விதழ்ல ஒரு கட்டுரை. அதுல இந்த அறிக்கையிலிருந்து ஒரு வரி போட்டிருந்தாங்க. ‘அவர்கள் கையை ஒளித்தே வைத்திருந்தார்கள், நான் என் கையை நீட்டிய பிறகுதான் காட்டினார்கள்.’ ஒரு மாசமா மனசை விட்டுப் போகலீங்க. அவங்க பட்டியல்ல இருந்தபடியே ரெண்டு வரியையும் எடுத்து எழுதிட்டேன்.”

“பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதினது தப்பு. அந்தக் கட்டுரையில இருந்து எடுத்தேன்னு சொல்லியிருக்கோணும். சரி, சாயப்பட்டறை உனக்கு எதுக்கு?”

“எங்கம்மா இங்கதான் படிச்சாங்க. வீரபாண்டிக்கு அடிக்கடி போவாங்களாம், அப்பா சொல்வாரு.”

ஆஷா மூன்று வயதில் அம்மாவை இழந்தவள். கல்லூரியில் சேர்ந்த அன்றே இங்கிருந்த கம்ப்யூட்டரில் ‘அன்புசெல்வி’ என்று அம்மா பேரைத் தட்டிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஒருத்தியை நினைப்பது? அம்மா எப்படிப் பேசுவாள் என்றாவது தெரிந்தால் போதும் என்று இருந்தது. அந்த ஏக்கம் பசி மாதிரி வேளைக்கு வேளை வந்தது.

மூன்று மணிக்கு சித்ராதேவி மகுடேஸ்வரனை நூலகத்துக்கு வரவழைத்தார்.

“ஏனுங்க சார், சின்னப்பன் யாருங்க?” என்றார் சித்ராதேவி.

“எங்கப்பா. என் புஸ்தகத்துக்கு அவரை ஆசிரியராக்கிட்டாளே இந்தப் புள்ள.”

“இவ ஆக்கலீங்க, அந்தக் கட்டுரைக்காரர் ஆக்கினது. வெளிநாட்டுப் பட்டியல் முறையில குடும்பப் பேரு முன்னால வரோணும், சொந்தப் பேரு ஒரு எழுத்தாச் சுருங்கோணும். நமக்கேதுங்க குடும்பப் பேரு? உள்பக்கத்துல இனிஷியலை விரிச்சுப் போட்டிருக்கற அப்பா பேரை அந்த இடத்துல வெச்சுட்டாரு. உங்களுக்கு நடந்ததுதான் அடுத்த வரிக்கும். மயில்சாமி எழுதினவரில்லீங்க, எழுதினவரோட அப்பா. எழுதினவர் பேரு அ-வுல ஆரம்பிக்கோணும். பிரதீப், அ வரிசை.”

பிரதீப் ஓடினார். திரும்பியபோது கையில் பழுப்பு அட்டை போட்ட அறிக்கை, முகத்தில் அசடு. “ம. அன்புசெல்வி,” என்று படித்தார். “பழைய அறிக்கை ஒண்ணையும் கம்ப்யூட்டர்ல ஏத்தலீங்க.”

ஆஷா எழுந்துவிட்டாள். ஊரில் தெருவுக்கொரு மயில்சாமி. பட்டியலில் அந்தப் பேரைப் பார்த்தபோது அவளுக்கு எப்படித் தோன்றும்?

“மயில்சாமி எங்க அப்புச்சிங்க,” என்றாள். “அம்மாவோட அப்பா.”

மகுடேஸ்வரன் பேனாவை எடுத்து, தான் எழுதிய ‘இப்படி ஒன்று கிடையாது’ என்பதை அடித்தார். “முழுசாப் படிச்சுட்டு, பட்டியலைத் திருத்தி நாளைக்குக் குடு அம்மணி.”

“ஊட்டுக்குக் கொண்டு போலாமுங்களா?”

“பீரோ அறிக்கை வெளிய போகாது கண்ணு. நீ படிச்சு முடிக்கற வரைக்கும் நான் கதவைச் சாத்தலை,” என்றார் சித்ராதேவி.

ஆஷா ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. அம்மா எப்படிப் பேசுவாள் என்று இத்தனை வருஷம் ஏங்கியவள், ஒரு மாதமாக அம்மாவின் பேச்சைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.