முப்பது பாத்திகள்

மரம் முழுக்கப் பூ, ஆனால் ஒரு தேனீகூட இல்லை.

வந்த மூன்றாம் நாளே இத்தோ அதைக் கவனித்துவிட்டாள். தரூடண்ட் ஊருக்குப் போகும் சாலைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய சின்னத் தோப்பில் தேனீக்கள் காலையிலிருந்து இரைந்துகொண்டே இருந்தன. மதிலுக்கு இந்தப் பக்கம் முப்பது கசப்பு ஆரஞ்சு மரங்களும் வெள்ளை வெளேரென்று பூத்து, தலையைக் கிறுகிறுக்க வைக்கும் வாசனையோடு, ஒரு சிறகடிப்பு இல்லாமல் நின்றன. பூச்சி மருந்தாக இருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் இந்த வேலை தொடங்கும்வரை இந்தத் தோட்டத்துக்குள் அறுபது வருடமாக யாரும் நுழைந்ததே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் பள்ளத்தாக்கையே ஆட்டிப்படைத்த காயித்தின், அதாவது குறுநிலத் தலைவனின், மாளிகைத் தோட்டம் அது. பழைய தோட்டங்களை மறுபடி உயிர்ப்பிப்பதுதான் இத்தோவின் தொழில். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதற்குள் தொட்டியிலிருந்து வாய்க்கால் வழியாக, மரத்துக்கு ஒன்றாக இருந்த முப்பது பாத்திகளுக்கும் தண்ணீர் ஓட வேண்டும். வாய்க்காலைப் பூசி முடித்தது கொத்தனார் பிஹியும், அவருடைய தங்கை மகன் அத்தியும்.

புதன்கிழமை மதியம் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் தின்று, புதினாத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது பிஹி மெல்ல ஆரம்பித்தார். இத்தோவை அவர் மரியாதையாக 'லல்லா', அம்மணி, என்றுதான் கூப்பிடுவார்.

"லல்லா, மடையத் திறக்க வேணாமே. விழா அன்னிக்குத் தொட்டியில மட்டும் தண்ணி காட்டுனாப் போதும்."

"ஏண்ணே, பூச்சு காயலையா?"

"பூச்சு காஞ்சிடுச்சு. இந்த மரங்களுக்கு யாரு தண்ணி விட்டா, சொல்லுங்க? அறுபது வருசம். ஒண்ணுகூடப் பட்டுப் போகல."

அத்தி சிரித்தான். "ஆரம்பிச்சுட்டாருய்யா! மாமாவுக்கு வேலை செய்ய உடம்பு வளையலன்னா உடனே காயித் கதை வந்துடும்."

"வாய மூடுறா. எங்க அப்பா கண்ணால பார்த்தவரு." பிஹி கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். "எதிர்த்து நின்ன ஊர்லேருந்து முப்பது பேரை இழுத்துட்டு வந்தான் அந்தக் காயித். கழுத்து வரைக்கும் புதைச்சு, கண்ணு முன்னாலயே வாய்க்கால்ல தண்ணி ஓடவிட்டான். நாக்குக்கு எட்டாது. மூணு நாள் கத்துனாங்களாம். அப்புறம் அவங்க மேலயே ஆளுக்கு ஒரு மரம் நட்டான்."

இத்தோ தேநீரை வைத்துவிட்டு எழுந்தாள். வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டாள். "திறந்துதாண்ணே ஆகணும்" என்றாள்.

மடைப் பலகையை அவளே தூக்கினாள். புதுப் பூச்சின் மேல் தண்ணீர் சலசலத்துக்கொண்டு, சருகுகளைத் தள்ளிக்கொண்டு ஓடி, முதல் பாத்தியில் விழுந்தது. அங்கேயே நின்றுவிட்டது. பாத்தி நிரம்பவில்லை. இரண்டாம் பாத்திக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. மண்ணுக்கடியிலிருந்து மட்டும் ஒரு சத்தம் கேட்டது, ரொம்ப நேரம் தவித்த மாடு தொட்டியில் வாய் வைத்தது போல.

"எலி வளையா இருக்கும்" என்று அத்தி மண்வெட்டியோடு பாத்திக்குள் இறங்கினான். கணுக்கால் புதைந்தது. "அடடா, மெத்தை மாதிரி இருக்கு மாமா, வந்து படுங்க!"

முழங்கால் புதைந்தது.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "மாமா. காலைப் புடிக்குது."

பிஹி ஓடிப் போய் அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். இத்தோ இடுப்பைப் பிடித்தாள். அவன் உடம்பு ஒரு விரற்கடை மேலே வந்தது. பிறகு கீழிருந்து வெடுக்கென்று ஒரு இழுப்பு. இடுப்புவரை போய்விட்டான். உள்ளே ஏதோ முறிந்த சத்தம், பச்சை விறகு ஒடிவது போல. அத்தி அலறினான். அப்படி ஒரு குரல் ஒரு ஆம்பளையிடமிருந்து வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"தண்ணிய நிறுத்துங்க!" பிஹி கத்தினார். "லல்லா, தண்ணிய!"

ஓடினாள். பலகை ஊறி உப்பியிருந்தது. இறங்கவில்லை. உதைத்தாள். கல்லால் அடித்தாள். விரல் நசுங்கியது. மறுபடி அடித்தாள். பின்னால் பிஹி வெறிபிடித்தவர் போலக் கத்திக்கொண்டிருந்தார். "விடு! விடுங்கடா அவனை!" மண்வெட்டி விழும் சத்தம். சதக். சதக். சதக்.

பலகை இறங்கியது. தண்ணீர் நின்றது. அலறலும் நின்றது.

திரும்பி நடந்தாள்.

முதல் பாத்தியில் அத்தியின் தலை மட்டும் மண்ணுக்கு மேலே இருந்தது. அவன் தாடையை, காதை, முடியைப் பிடித்தபடி கைகள். கறுத்து, வேர்போல நரம்போடிய, ஈரமான கைகள். சில மணிக்கட்டோடு துண்டாகிக் கிடந்தன. துண்டானவையும் பிடியை விடவில்லை. நடுவே, தொண்டையில், மண்வெட்டியின் அகலத்துக்கு ஒரு பிளவு.

பிஹி மண்டியிட்டிருந்தார். "கையைத்தான் வெட்டினேன் லல்லா. கையைத்தான். இவன் தலையைத் திருப்பிட்டான்."

அவள் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீரை அடைத்தாகிவிட்டது. ஆனாலும் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாத்தியின் வரப்பு தாண்டி, புதுப் பூச்சின் மேல், சூடாக, சிவப்பாக, அவசரமே இல்லாமல். ஒரு மனித உடம்பில் இவ்வளவு இருக்குமா என்று தோன்றியது.

அது இரண்டாம் பாத்திக்குள் இறங்கியது. அங்கே மண் வெடித்தது. விலகியது. உள்ளே பற்கள். நாக்கு.

மூன்றாம் பாத்தி. நான்காம் பாத்தி. வரிசை முழுக்க, உச்சி வெயிலில், பூ உதிர்ந்து கிடந்த மண் ஒவ்வொன்றாகப் பிளந்துகொண்டே போனது.

முப்பதாவது மரத்தடியில் ஒரு வாய் திறந்து, காத்திருந்தது.